தோய்க்காத டெனிம் களிசான்: முதல் நனைப்பும் ரெயிலரும்

கோண்டாவிலான்:
மச்சாள் ரொறன்ரோவில இருந்து வரேக்க லீவைஸ் 501 ஒண்டு கொண்டுவந்தவ. 'ஷ்ரிங்க் டு ஃபிட்', அதாவது நனைச்சாச் சுருங்கி அளவுக்கு வாற, தண்ணியே காணாத டெனிம். கால் குறைக்க எவ்வளவு எடுப்பியள் எண்டு ரெயிலரிட்டக் கேட்டன். துணியை விரலுக்கிடையில உருட்டிப் பாத்திட்டு, "தம்பி, இப்ப வெட்டினா பிறகு கணுக்காலுக்கு மேல நிக்கும். நனைச்சுக் காயவிட்டுக் கொண்டு வாரும்" எண்டார்.

உள்பக்கத்தை வெளியில திருப்பி, வாளியில சுடுதண்ணி விட்டு ஊறப்போட்டன். அமத்த அமத்தக் காத்துக் குமிழி வந்துகொண்டே இருந்தது. தண்ணி முதல்ல பழுப்பாச்சு, நீலம் பிறகுதான் கிளம்பினது. பழுப்பு, நெய்யேக்க பாவு நூலுக்கு, அதுதான் நீளப்பாட்டில போற நூலுக்கு, போட்ட கஞ்சி. பிழியேல்லை, முறுக்கினா மடிப்புத் தழும்பு போகாது. நிழல்கொடியில தலைகீழாப் போட்டன். காய்ஞ்ச பிறகு அளந்தா, 34 அங்குலக் கால் முப்பத்தொண்டரை. இடுப்பும் இறுகித்தான் இருந்தது, ஆனா ரெண்டு மூண்டு நாள் போட இளகீட்டுது. கால் இளகாது.

நல்லூர்வாசி:
அண்ணை, என்ரையும் ரோ டெனிம், தோய்க்காததுதான், அரை அங்குலம்கூடச் சுருங்கேல்லையே?

கோண்டாவிலான்:
உங்கடது சான்ஃபரைஸ் பண்ணினதா இருக்கும். நீராவி காட்டி, ரப்பர் பட்டியில அமத்தி, ஆலையிலேயே நீளப்பாட்டுக்குச் சுருக்கிப்போடுவாங்கள். சான்ஃபோர்ட் கிளூயெட் எண்ட அமெரிக்கர் 1930ல காப்புரிமை எடுத்த முறை. அதுக்குப் பிறகு 1–3 வீதம்தான் மிஞ்சும். அப்பிடிச் செய்யாத துணி 10 வீதம் வரைக்கும் போகும். லேபலைப் பாருங்கோ.

தையல்கடைப் பிள்ளை:
அப்பான்ரை கடையில நானும் தைக்கிறனான். கால் ஓரம் மடிக்கேக்க பக்கத் தையல் வாற இடம்தான் கரைச்சல், அவ்வளவு மொத்தம். சாதாரண ஊசி அதில டக்கெண்டு முறியும். 18ஆம் நம்பர் ஊசி போட்டு, அந்த மொத்தத்தை முதல்ல சுத்தியலால தட்டி, மெசின் சில்லைக் கையால சுத்தித்தான் ஏத்துவம். கடுகு நிறத் தடிச்ச நூல் கேட்டு வாங்குங்கோ, மெல்லிய நூல் போட்டா வேற களிசான் ஆயிடும். இடுப்பு குறைக்கிறது பெரிய வேலை: பின்பக்கத் தோல் லேபல், பெல்ட் கொளுவுற பட்டி எல்லாம் கழட்டோணும். முடிஞ்சா இடுப்புச் சரியா வாற அளவாப் பாத்து எடுங்கோ.

உரும்பிராய் அக்கா:
உப்பும் வினாகிரியும் போட்டா நீலம் பிடிக்குமாம் எண்டு ஆரும் சொன்னா நம்பாதேங்கோ. இண்டிகோ நூலின்ரை மேலால ஒட்டியிருக்கிற சாயம், உரஞ்ச உரஞ்சப் போகத்தான் செய்யும். அந்த வெளிறலுக்காகத்தானே வாங்கிறியள்! ஆனா எங்கட சுண்ணாம்புக் கிணத்துத் தண்ணியில சவுக்காரம் நுரைக்காமத் திரையாப் படியும். கடைசி அலசலுக்குக் கொஞ்ச வினாகிரி அதுக்கு நல்லது.

நல்லூர்வாசி:
உரஞ்சிப் போறது உண்மைதான் அக்கா. மாமி வீட்டு வெள்ளைச் செற்றியில இப்ப எனக்கெண்டு துவாய் விரிச்சுத்தான் இருக்க விடுறா.