வீட்டு ஆட்டோமேஷனில் நேர அளவு: புது நாட்டு மொழியும் தமிழும் சேர்ந்து வந்தால்

ஹீட்டரை ஒன்றரை மணி நேரம் ஓடவிடச் சொன்னால் ஒரு மணி நேரத்திலேயே நிற்கிறதா? கருவியைக் குறை சொல்லாதீர்கள். சொல்லை எண்ணாக மாற்றும் இடத்தைப் பாருங்கள். எந்த மொழியில் வந்தாலும் உள்ளே நுழைந்தவுடன் நொடியாக்கிவிட வேண்டும். அதன்பிறகு ஆட்டோமேஷனுக்குள் 5400 என்ற எண் மட்டும்தான் போகணும்.

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு முதல் இடி காற்புள்ளி. ஜெர்மன், பிரெஞ்சு இரண்டிலும் ஒன்றரையை 1,5 என்றுதான் எழுதுவார்கள். காற்புள்ளியை நீக்கிவிட்டு எண்ணாக்கும் நிரல் அதை 15 மணி நேரமாக எடுத்துக்கொள்ளும்! அடுத்தது, அரை என்ற சொல் கடிகார நேரத்தில் வரும்போது. ஜெர்மனில் 'ஹால்ப் ஆஹ்ட்' என்றால் 7:30. பிரிட்டனில் 'ஹாஃப் எய்ட்' என்றால் 8:30. டேனிஷ் மொழியில் 50-க்கான சொல்லே எழுத்தில் 'அரை' என்றுதான் தொடங்கும். ஆகவே சொல்லின் ஒரு துண்டை மட்டும் தேடாதீர்கள், முழுச்சொல்லாகப் பொருத்துங்கள். பிரெஞ்சில் 'பதினைந்து நாள்' பேச்சுவழக்கில் இரண்டு வாரம்.

நம் தமிழிலும் வலைகள் உண்டு. 'ஒன்றரை'க்குள் 'அரை' என்று தேடினால் கிடைக்காது, 'அ' புணர்ச்சியில் மறைந்துவிட்டது. ஒன்றரை, ஒண்ணரை, இரண்டரை, ரெண்டரை என்று தனித்தனியாகப் பட்டியலிடத்தான் வேண்டும். 'முக்கால்' உள்ளே 'கால்' இருக்கிறது, 'காலை' என்பதும் 'கால்' என்றே கேட்கத் தொடங்குகிறது. நீளமான சொல்லை முதலில் சோதியுங்கள். 'எட்டு மணிக்கு' கடிகாரம், 'எட்டு மணி நேரத்துக்கு' அளவு: 'நேரம்' அல்லது 'நேரத்து' வருகிறதா என்று பார்ப்பதே பிரிக்கும் வழி. 'நொடி'யில் உள்ள 'நொ' சில விசைப்பலகைகளில் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாகப் பதிவாகும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனால் பொருந்தாது. ஒப்பிடும் முன் யூனிகோட் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும்) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

ஆட்டோமேஷன் அமைப்புகளை எழுதும் யாமல் (YAML) கோப்பில் நேரத்தைச் சுற்றி மேற்கோள்குறியை விடவே கூடாது. ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டு ஆட்டோமேஷன் மென்பொருளில் டிலே (காத்திருக்கும் நேரம்) மதிப்பாக "10:00" என்று மேற்கோளுக்குள் போட்டால் பத்து மணி நேரம். மேற்கோள் இல்லாமல் போட்டால் யாமல் அதை அறுபதின் அடிமானத்தில் படித்து 600 ஆக்கும், அதாவது பத்து நிமிடம். எப்போதும் "00:10:00" என மூன்று பகுதியாக எழுதுங்கள்.

கேள்வி: அம்மா தமிழில் பேசுவார், பிள்ளைகள் ஜெர்மனில். ஒரே பட்டியல் போதுமா?

பதில்: போதாதுங்க. ஹோம் அசிஸ்டன்டின் குரல் உதவியாளரான அசிஸ்டில், பேச்சைக் கேட்டுப் புரிந்து பதில் சொல்லும் தொடரான பைப்லைன் ஒன்றுக்கு ஒரு மொழி வைத்து, அந்தந்த அறையின் கருவிக்கு அந்தந்தப் பைப்லைனைக் கொடுங்கள். பொருந்தாத சொற்றொடருக்கு கஸ்டம் சென்டென்சஸ் கோப்புறையில் அந்த மொழியின் குறியீட்டில் ஒரு கோப்புறை திறந்து, டைமர் தொடங்கும் இன்டென்டின் (கட்டளை வகையின்) கீழ் அந்த வாக்கியத்தைச் சேர்த்து, ஸ்லாட்டில் (மதிப்பு நிரப்பும் இடத்தில்) மணி 1, நிமிடம் 30 என நேரடியாக எழுதலாம். டெவலப்பர் டூல்ஸில் அசிஸ்ட் தாவலைத் திறந்து வாக்கியத்தைத் தட்டினால் எந்த ஸ்லாட்டில் எந்த எண் விழுந்தது என்று தெரியும். ஹீட்டர், அடுப்பு போன்றவற்றுக்கு மட்டும் அளவைத் திருப்பிச் சொல்லி உறுதி கேட்கும்படி வையுங்கள். விளக்குக்கு அதெல்லாம் தேவையில்லை.