புதுப்பிப்பு: டர்ன்டேபிளுக்குள் கேட்ட அறிவிப்பாளர் குரல் நின்றுவிட்டது

உதவிய அனைவருக்கும் நன்றி. பிரச்சினை இது: எங்கள் வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் பேசும்போது டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழற்றும் கருவி) ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நெம்பை) ஏற்றினால், அதே குரல் கரகரப்பாகத் திரும்பி வந்து ஒலிபரப்பிலேயே ஊளையிட்டது.

எங்கள் நிலையத்தின் மீடியம் வேவ் அலையையே ஃபோனோ ப்ரீஆம்ப் (டர்ன்டேபிளின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) பிடித்திருக்கிறது. எர்த் கம்பியை மாற்றியதில் பலனில்லை. கேபிளில் ஃபெரைட் வளையம் (ரேடியோ அலையைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) போடச் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. ஆனால் கேபிளை ஒருமுறை நுழைத்தால் போதாது, 6 சுற்றாவது வேண்டும். ரேடியோ அலைக்கு அது தரும் தடை ஏறக்குறைய சுற்று எண்ணிக்கையின் வர்க்கத்தில் உயரும்.

எதிர்பாராதது: மிச்ச முணுமுணுப்பு, கறுத்துப்போன ஆர்சிஏ பின்னிலிருந்து (ஆடியோ கேபிளின் முனைச் செருகி) வந்தது. ஆக்சைடு படிந்த இணைப்பு டயோடு (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) போல நடந்து, அலையிலிருந்து குரலைப் பிரித்தெடுத்துவிடும். துடைத்ததும் சுத்தமாக நின்றது.

ரேடியோ அலையைத் தடுக்க, ப்ரீஆம்ப் இன்புட்டில் 100 பிகோஃபாரட் கண்டென்சர் (மின்தேக்கி) போடுவதும் நல்ல வழிதான். கேபிளின் கெப்பாசிட்டன்ஸோடு (மின்தேக்கு திறன்) சேர்ந்து கார்ட்ரிட்ஜுக்கு (ஊசி பொருத்திய பாகம்) குறித்த அளவைத் தாண்டினால் ட்ரெபிள் (உயர் சுருதி ஒலி) கெட்டுவிடும் என்பதால் அதைத் தவிர்த்தேன்.