மறு: வடிகாலைக் கடக்கும் குழாய்களும் வடங்களும் – ‘வடிகாற் கடவை’

அன்புடையீர்,

நம் குழு தொகுக்கும் வடிகால் பற்றிய சட்டச் சொற்றொகுதியில், குழாயோ மின்வடமோ தொலைபேசி வடமோ வடிகாலைக் குறுக்கே கடக்கும் இடத்துக்கு ‘குறுக்குவெட்டு’, ‘சந்தி’, ‘குறுக்கீடு’ என்னும் சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. முதலாவது பொறியியலில் வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டது. சந்தி என்பது வழிகள் கூடும் இடம், இங்கே எதுவும் எதனோடும் கூடுவதில்லை. மூன்றாவதைத்தான் சற்று ஆற அமரப் பார்க்க வேண்டும். ‘குறுக்கீடு’ என்றதுமே பிழை நடந்துவிட்டது என்ற எண்ணம் எழுகிறது. உரிய இசைவு பெற்று உரிய ஆழத்தில் குழாய் பதித்தவரையும், எவரையும் கேளாமல் கானுக்குள் (வடிகாலுக்குள்) அதை நுழைத்தவரையும் அச்சொல் ஒரே தட்டில் வைத்துவிடும். பொறுப்பு எவருடையது என்று ஆராயப் பிறக்கும் சட்டச் சொல், ஆராயுமுன்பே தீர்ப்புச் சொல்லலாகாது.

ஆகவே ‘வடிகாற் கடவை’ என்பதை முன்வைக்கிறேன். மஞ்சட் கடவை, புகையிரதக் கடவை என்று நம்மிடையே அன்றாடம் வழங்குவதால் அதற்கு விளக்கம் தேவைப்படாது. ஏற்கெனவே உள்ள ஒரு வழியை இன்னொன்று அதன் ஓட்டம் கெடாமல் கடக்க வேண்டும் என்ற கருத்தும் அதனுள் அடங்கியிருக்கிறது.

திருகோணமலையில் இது ஏட்டளவிலான வினா அன்று. நிலாவெளி வீதிப் பக்கத்து மதகொன்றின் வாயில், பாதி உயரத்தில், பிளாஸ்டிக் குழாய் ஒன்று குறுக்கே கிடக்கிறது. மாரி மழையில் அடித்துவரும் சருகும் சொப்பிங் பையும் வாழைமட்டையும் அதில் சிக்கி அணைபோல் நிற்க, வெள்ளம் அயல் வளவுகளுக்குள் ஏறுகிறது. குழாய்க்கு உரியவர், கானைத் துப்புரவாக்குபவர், வீதிக்கு உரியவர் ஆகிய மூவரும் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகின்றனர். வளவுக்காரர் முறைப்பாடு எழுத உட்காரும்போது அவர் கையில் தெளிவான சொற்கள் இருக்க வேண்டும்.

அதனால் ‘பொறுப்பு’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்குவதை நான் ஏற்கவில்லை. அடைப்பை முன்கூட்டியே நீக்குவது ‘கடவைப் பராமரிப்புக் கடமை’. வெள்ளத்தால் விளைந்த இழப்பை ஈடுசெய்வது ‘நட்டஈட்டுப் பொறுப்பு’. கானை ஆழப்படுத்தும்போது குழாயை இடம் மாற்றும் செலவு எவரைச் சாரும் என்பது ‘இடமாற்றச் செலவுப் பொறுப்பு’. இம்மூன்றும் ஒருவர்மேலேயே விழ வேண்டும் என்ற நியதி இல்லை.

இசைவுக்கும் தனிச்சொல் வேண்டும். இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு நிலவடிகால் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சாதாரண நீரோடையில் மதகை எழுத்துமூல இசைவின்றி அமைப்பதைத் தடைசெய்கிறது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் ஒழுங்குபடுத்தப்பட்ட திறந்த வடிகாலின் இரு கரைகளிலிருந்தும் 75 அடி வரை பராமரிப்பு ஒதுக்கமாக, அதாவது பராமரிப்புப் பணிக்கென விடப்பட்ட நிலமாக, கொள்கிறது. நம் நகரத்து ஒடுங்கிய கான்களுக்கு அந்த அளவு பொருந்தாது. ஆயினும் ‘கடவை இசைவு’, ‘வடிகால் ஒதுக்கம்’ என்னும் இரு கருத்துகளும் நமக்குத் தேவையே. திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்து வயல் வாய்க்கால்களை இச்சொற்றொகுதியில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றுக்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இருக்கிறது.

இன்னொன்று எஞ்சுகிறது. குழாய் கானைக் கடக்காமல் அதன் உட்புறச் சுவரை ஒட்டியே நெடுந்தூரம் ஓடுமானால் அதைக் கடவை என்பது பொருந்தாது. அதற்கு ‘ஒட்டுத்தடம்’ எனலாமா என்று உறுப்பினர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.