பனை ஓலைக் கிலுகிலுப்பை முடைய வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மண்டபம் பக்கத்துக் கடலோரக் கிராமத்தில் வசிக்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், விசைப்படகில் தொழிலுக்குச் செல்லும் என் கணவரும் விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளும் என் மாமியாரும் சேர்ந்தாற்போல் வீட்டில் இருக்கும் பருவம் இதுதான். ஆகவே மாலையில் எல்லோரும் திண்ணையில் அமர்ந்து பனை ஓலை முடைகிறோம்.

சிறு கொட்டான்கள் (ஓலைப் பெட்டிகள்) நன்றாகவே வந்துவிட்டன. கிலுகிலுப்பைதான் கைகூடவில்லை. குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரு விரல் அகலத்தில் வகிர்ந்து, ஈரத்துணியில் சுற்றிப் பதப்படுத்திய பிறகே முடைகிறோம். அப்படியிருந்தும், நான்கு புளியங்கொட்டைகளை உள்ளே போட்டு வாயை மூடும் இடத்தில் ஓலை கீறிவிடுகிறது. கீறாமல் தப்பிய கிலுகிலுப்பையும் இரண்டே நாளில் காய்ந்து சுருங்கி, இடுக்கு வழியே கொட்டைகள் உதிர்கின்றன. சின்னவளுக்கு மூன்று வயதுதான், எடுத்து வாயில் போட்டுவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. மாமியாருக்கும் அந்தக் கடைசி மடிப்பு மறந்துவிட்டது. அதைச் சொல்லி மிகவும் வருந்துகிறார்.

சாயல்குடி, கடலாடிப் பக்கத்தில் ஓலை முடைபவர்கள் யாரேனும் இருந்தால், ஓலையை எத்தனை நாள் காயவைக்க வேண்டும், வாயை எப்படி மடித்துச் செருக வேண்டும், கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் எப்படிப் பாதுகாப்பது என்று தயவுசெய்து விளக்குங்கள். கரையில் ஒதுங்கும் பவளத் துண்டுகளை வைத்து அலங்கரிக்கலாம் என்று மட்டும் சொல்ல வேண்டாம். அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை என்பதால் பிள்ளைகளைத் தொடவே விடுவதில்லை. மடிப்பை அருகிலிருந்து எடுத்த காணொளி கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.