ரிவர்ஸில் இரண்டு லாரி மோதினால் தவறு யாருடையது?

கேள்வி: குடோன் யார்டில் இரண்டு லாரி ஒரே நேரத்தில் ரிவர்ஸ் எடுத்து, பின்பக்கம் இடித்துக்கொண்டன. "நான் நிறுத்திட்டேன்" என்கிறார் ஒரு டிரைவர். செலவு யார் தலையில்?

பதில் 1: இரண்டும் நகர்ந்திருந்தால் பெரும்பாலும் பாதிப் பாதிதான். கிளீனர் "வா, வா" என்று கைகாட்டியதால் டிரைவரின் பொறுப்பு போகாது. நின்றேன் என்பவர் அதைக் காட்ட வேண்டும். ஜிபிஎஸ் பதிவு இடைவெளி விட்டு வருவதால் கடைசி சில நொடிகளுக்கு உதவாது. சிசிடிவிதான் சாட்சி, பழைய பதிவு தானே அழிந்துவிடும், இன்றே காப்பி எடுங்கள்.

பதில் 2: நசுங்கல் மோதிய கோணத்தைச் சொல்லும், எது நகர்ந்தது என்பதைச் சொல்லாது. வண்டியை எடுக்கும் முன் டயர் தடம், விழுந்த லைட் கண்ணாடி, முன்சக்கரத் திருப்பம் மூன்றையும் போட்டோ எடுப்பது ரொம்ப முக்கியம்.

பதில் 3: முழுக் காப்பீடு இருந்தால் தவறு யாருடையதானாலும் சொந்த பாலிசியில் கோரலாம், ஆனால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) போகும். சின்ன சேதத்துக்கு இரண்டு ஓனரும் பேசி, எழுதிக் கையெழுத்திடுவதே லாபம்.