கல்லீரல் ஹைடாடிட் கட்டி: ஒட்டுண்ணி உயிரோடு உள்ளதா என்று அறிய உதவி தேவை

பெங்களூருவில் உள்ள தமிழ் மருத்துவர்களுக்கும், இந்நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் வணக்கம்.

என் தாயாரின் கல்லீரலில் ஏறத்தாழ 7 செ.மீ. அளவில் ஹைடாடிட் கட்டி (நாடாப்புழு வகை ஒட்டுண்ணியின் இளம்புழுவால் உண்டாகும் நீர்க்கட்டி) உள்ளது. அல்ட்ராசவுண்டில் நீருக்குள் சவ்வு உரிந்து மிதப்பதாகக் கருதும் மருத்துவர் அதை, ஸ்கேன் தோற்றப்படி இக்கட்டிகளைப் பிரிக்கும் சி.இ. வரிசையில், ஒட்டுண்ணி இன்னும் உயிரோடு இருக்கக்கூடிய சி.இ. 3ஏ வகை என்கிறார். உள்ளே நீரே இல்லை, கெட்டிப்பட்ட பொருளுக்குள் சவ்வு மடிந்து கிடக்கிறது, ஆகவே அது செயலிழந்த சி.இ. 4 என்கிறார் இன்னொருவர். முன்னதானால் அல்பெண்டசோல் என்னும் புழுக்கொல்லி மாத்திரையுடன், ஊசியால் நீரை உறிஞ்சி, மருந்து செலுத்தி, மீண்டும் உறிஞ்சும் சிகிச்சை தேவைப்படலாம். பின்னதானால், தொந்தரவு இல்லாதவரை, கண்காணிப்பே போதும். ஊசி போடும்போது நீர் கசிந்தால் கடும் ஒவ்வாமை ஏற்படலாம் என்பதால், தேவையின்றி அவரை அதற்கு உட்படுத்த மனம் ஒப்பவில்லை.

ஒட்டுண்ணி இறந்த பின்னும் எதிர்ப்பொருள்கள் ஆண்டுக்கணக்கில் நீடிக்கக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனையாலும் தெளிவு கிடைக்கவில்லை. உறிஞ்சிய நீரை நுண்ணோக்கியில் பார்த்தால் விடை கிடைக்கலாம். ஆனால் அதற்கும் ஊசிதான் வழி.

இவ்வகைக் கட்டிகளைத் தொடர்ந்து பார்த்துவரும் ஸ்கேன் நிபுணர் எவரேனும் பெங்களூருவில் உள்ளாரா? நீரையும் கெட்டிப்பொருளையும் பிரித்தறிய எம்.ஆர்.ஐ. எடுப்பது பயன் தருமா? இரண்டாவது கருத்துக்கு யாரை அணுகலாம் என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.