பெர்லில் ‘ஏற்றுமதி’ வேண்டாம், ‘பெயர் வழங்கல்’ போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பெர்ல் என்ற நிரல்மொழியின் கையேட்டுத் தமிழாக்கத்தில், ஒரு தொகுதி (மாட்யூல்) தன் பெயர்களைப் பிறர் பயன்படுத்தத் தருவதாகிய எக்ஸ்போர்ட்டுக்கு ‘ஏற்றுமதி’ என்றும், முன்னோரின் செயல்களைப் பெறுவதாகிய இன்ஹெரிட்டன்ஸுக்கு ‘மரபுரிமம்’ என்றும் எழுதலாம் என்கிறீர்கள். மரபுரிமம் பள்ளிப் பாடநூல்களில் ஊன்றிவிட்ட சொல். அதைக் கலைக்க வேண்டாம். ஏற்றுமதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

ஏற்றுமதியான சரக்கு துறைமுகத்தை விட்டுப் போய்விடும். பெர்லில் எதுவும் இடம் பெயர்வதில்லை. ஒரு தொகுதியை ‘யூஸ்’ என்று அழைத்ததும், நிரல் தொகுக்கப்படும்போதே அத்தொகுதியின் ‘இம்போர்ட்’ என்ற செயற்கூறு (ஃபங்ஷன்) ஓடுகிறது. ‘யூஸ்’ என்று எழுதிய தொகுதியின் பெயர் அட்டவணையில் ஒரு பெயரை எழுதி, அது மூலச் செயற்கூற்றையே சுட்டும்படி செய்கிறது. அவ்வளவுதான். செயற்கூறு பிறந்த இடத்திலேயே இருக்கிறது.

ஆகவே ‘பெயர் வழங்கல்’ என்று முன்மொழிகிறேன். ஒரு தொகுதி பெயரை வழங்குகிறது. பிறகு அந்தப் பெயர் மற்றொன்றில் வழங்குகிறது. கொடுப்பதையும் புழங்குவதையும் ஒரே வினை சொல்லிவிடுவது நமக்குக் கிடைத்த வசதி, அதை விடக் கூடாது. இம்போர்ட்டுக்குப் ‘பெயர் ஏற்பு’. சர்வரை ‘வழங்கி’ என்கிறோமே என்று சிலர் தயங்கலாம். ‘வழங்கும் தொகுதி’ என்று முழுதாக எழுதினால் குழப்பம் வராது.

ஒரு தொகுதி வழங்கும் பெயர்களைப் பட்டியலிடும் அணிகள் (அர்ரே) இரண்டு. எக்ஸ்போர்ட் அணியைக் ‘கேளாமலே வழங்குபவை’ என்றும், எக்ஸ்போர்ட்_ஓகே அணியைக் ‘கேட்டால் வழங்குபவை’ என்றும் எழுதலாம். பொசிக்ஸ் தொகுதியை வெறுமனே அழைத்தாலே பெயர்கள் கூட்டமாக வந்து இறங்கும். லிஸ்ட்::யூட்டில் தொகுதியோ ‘சம்’ என்ற செயற்கூறு வேண்டும் என்று கேட்டால்தான் தரும். பெயர் மோதல் எங்கிருந்து வருகிறது என்பது மாணவருக்குச் சொல்லிலேயே விளங்கிவிடும்.

மரபுரிமம் முற்றிலும் வேறு. அங்கே பெயர் எதுவும் எழுதப்படுவதில்லை. ஒரு பொருளின் (ஆப்ஜெக்ட்) அல்லது வகுப்பின் (கிளாஸ்) வழியாகச் செயற்கூற்றை அழைக்கும்போது, ஐஎஸ்ஏ என்ற அணியில் உள்ள முன்னோர் தொகுதிகளிடம் தேடல் நடக்கிறது. இரண்டும் குழம்புவதற்குக் காரணம் பழைய வழக்கம். பெயர் வழங்கும் வேலையைச் செய்யும் எக்ஸ்போர்ட்டர் என்ற தொகுதியை ஐஎஸ்ஏ அணியில் சேர்த்தது அதன் ‘இம்போர்ட்டை’ மட்டும் மரபுரிமமாகப் பெறுவதற்காகவே. எக்ஸ்போர்ட்டரின் 5.57ஆம் பதிப்பு முதல் அந்த உறவும் தேவையில்லை. ‘இம்போர்ட்’ என்ற பெயரை நேரடியாக ஏற்றுக்கொள்ளலாம். கையேட்டில் இந்த இடத்துக்குத் தனிப் பத்தி வேண்டும்.

பல பெயர்களை ஒரே குறிச்சொல்லின் கீழ்க் கேட்க உதவும் எக்ஸ்போர்ட்_டேக்ஸ் மட்டும் மிஞ்சுகிறது. ‘வழங்கல் குழு’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. பொருத்தமான சொல் தோன்றினால் எழுதுங்கள்.